இரவலுக்கு ஒரு ஜாக்கி

எங்கள் வீட்டில் கார் தூக்கும் ஜாக்கிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று பீரோவுக்குப் பக்கத்தில், பழைய போர்வையில் சுற்றி வைத்திருப்பது. இன்னொன்று மாட்டுக் கொட்டகையில், உரச் சாக்குகளுக்கு நடுவில் கிடப்பது. உள்ளே இருப்பது எங்களுக்கு, வெளியே இருப்பது கேட்டு வருகிறவர்களுக்கு. இப்படிப் பிரித்து வைத்தவள் நான்தான்.

மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு போகும் சாலையில் இறங்கி, கொஞ்ச தூரம் உள்ளே நடந்தால் எங்கள் ஊர். என் வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறார். வாரத்துக்கு ஒரு நாள் வருவார். வீட்டில் நான், அத்தை, என் மகள். மகளுக்கு ஒன்றரை வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. கண் மேலே செருகி, கை கால் விறைத்து, உதடு நீலமாகிப் போனதை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். தருமபுரியில் டாக்டர், "ஐந்து வயது வரைக்கும் திரும்ப வரலாம், வராமலும் போகலாம். காய்ச்சல் கூடினால் உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்றார். அந்த 'உடனே' என்ற சொல்லுக்காகத்தான் கார் வாங்கினோம். செகண்ட் ஹேண்டாக வந்த பழைய சின்ன கார். நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

பழைய கார் என்றால் ஏதாவது வேலை இருந்துகொண்டே இருக்கும். பட்டறையில் விட்டால் "நாளைக்கு வாங்க" என்றே நான்கு நாள் போய்விடும். அந்த நான்கு நாளில் காய்ச்சல் வந்துவிட்டால் என்ற நினைப்பிலேயே எனக்குச் சோறு இறங்காது. அதனால் என் வீட்டுக்காரர் லீவு நாளில் வாசலிலேயே வண்டி வேலை பார்க்க ஆரம்பித்தார். கம்பெனியில் மெஷின் பழகிய கை. சாமான்தான் இல்லை.

சாமான் வாங்க தருமபுரிக்குப் போனோம். கடைக்காரர் வயதானவர். மேஜைமேல் இரண்டு ஜாக்கிகளை வைத்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றின் விலை மற்றதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நான் சின்ன விலையைப் பார்த்தேன். எம்.எஸ்சி. கணக்கு படித்தவள், கடைகளில் எனக்கு முதலில் தெரிவது எண்கள்தான்.

"வண்டி வாரத்துக்கு ரெண்டு தடவை ஓடுனா அதிகம்ங்க. இதே போதாதுங்களா?" என்றேன்.

கடைக்காரர் ஜாக்கியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "வண்டிக்குக் கீழ படுக்கறது யாருங்க?"

"இவருதாங்க."

"அப்ப இதை எடுங்க" என்று விலை கூடியதை என் பக்கம் தள்ளினார். "அது வேண்டாம்னு நான் சொல்லலீங்க. விக்கத்தான் வெச்சிருக்கறேன். யாரு படுக்கறாங்கன்னு மட்டும் கேட்டுக்குவேன்."

நல்லதையே வாங்கினோம். அதோடு தூக்கிய வண்டியைத் தாங்க இரும்பு ஸ்டாண்டு இரண்டு, நல்ல ஸ்பேனர் செட் ஒன்று. திரும்பி வரும் வழியெல்லாம் பில்லையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு கொடுத்திருக்க வேண்டுமா என்று ஒரு பக்கம், கொடுக்காமல் அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று ஒரு பக்கம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் மற்றதையே நினைத்துக்கொண்டிருப்பது என் பழக்கம்.

சாமான் வந்த செய்தி ஊருக்குத் தெரிய ஒரு வாரம் ஆகவில்லை. எங்கள் ஊரில் இரவல் கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. சொன்னால் அடுத்த காதுகுத்துக்கு யாரும் வரமாட்டார்கள். பதினாலாம் நம்பர் ஸ்பேனர் போர்வெல் மோட்டார் கழற்றப் போய், வாய் விரிந்து வந்தது. ஸ்க்ரூ டிரைவரை உளியாக அடித்திருந்தார்கள். கேட்டால், "நல்ல இரும்புங்கக்கா, தாங்குச்சு" என்று பாராட்டினார்கள். ஜாக்கி ஒருத்தர் வீட்டுக்குப் போய், கல் கம்பம் நிமிர்த்த என்று இரண்டு நாள் அங்கேயே இருந்தது.

அந்த இரண்டாவது நாள்தான் மகளுக்குக் காய்ச்சல் ஏறியது. மத்தியானம். தெர்மாமீட்டரில் நூற்றிரண்டைத் தாண்டி ஓடியது. கார் பின் சக்கரம் காற்றில்லாமல் தரையோடு உட்கார்ந்திருந்தது. ஸ்டெப்னி இருக்கிறது, மாற்றத் தெரியும், தூக்க ஜாக்கி இல்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சாலைக்கு ஓடினேன்.

எதிரே பக்கத்து வீட்டு அண்ணன் வண்டியோடு வந்தார். சின்ன லோடு வண்டி வைத்துக்கொண்டு, மண்டியிலிருந்து ஓசூருக்குத் தக்காளி ஏற்றிப் போகிறவர். எங்களுக்குச் சொந்தமில்லை, ஆனால் நான் அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து என்னைத் தங்கச்சி என்றே கூப்பிடுவார். என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. "ஏறும்மா" என்றார். பின்னால் தக்காளி நிரப்பிய கிரேடு பெட்டிகள் அப்படியே இருக்க, தருமபுரிவரை ஓட்டினார். வழியில் குழந்தை ஒருமுறை கண்ணைத் திறந்தபோது, "பாப்பா, மாமன் வண்டியில ஏசி இல்ல, தக்காளி வாசனைதான். அடுத்த தடவை போட்டுடறேன்" என்றார். அன்றைக்கு வலிப்பு வரவில்லை. அவருடைய சரக்கு நேரத்துக்குப் போகாமல் திரும்பி வந்தது என்று பிறகு அவர் மனைவி சொல்லித்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் முடிவு செய்தேன். இனி என் ஜாக்கி வெளியே போகாது. ஆனால் இல்லை என்று சொல்லவும் என்னால் ஆகாது. அடுத்த சந்தையில், தார்ப்பாய் விரித்து ஸ்பேனர், சுத்தியல், பூட்டு எல்லாம் பரப்பி வைத்திருந்தவரிடம் விலை குறைந்த ஜாக்கி ஒன்றும், நீலப் பெட்டியில் ஸ்பேனர் செட் ஒன்றும் வாங்கினேன்.

அத்தை பார்த்துவிட்டு, "இரவலுக்கு இது போதும். நல்லதை உள்ள வெய்யி" என்றார். அத்தை எதற்காவது என்னைப் பாராட்டுவது அபூர்வம். அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆனாலும் நான் சோதித்துப் பார்த்தேன். அதுதான் என்னை விடமாட்டேன் என்கிறது. சோதிக்காமல் கொட்டகையில் போட்டிருந்தால், 'எனக்குத் தெரியாது' என்று இன்றைக்குச் சொல்லியிருப்பேன். காரின் முன் பக்கத்தை அந்தப் புது ஜாக்கியால் தூக்கி, ஜாக்கியின் தண்டில் சாக்பீஸால் கோடு போட்டு, போனில் மணி வைத்தேன். அரை மணி நேரத்தில் கோடு ஒரு விரல் அகலம் இறங்கிவிட்டது. அடியில் எண்ணெய் லேசாகக் கசிந்திருந்தது. ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று மனதிலேயே கணக்குப் போட்டேன். பாரம் கூடினால் இன்னும் வேகமாக இறங்கும் என்றும் நினைத்தேன்.

லீவில் வந்தவரிடம் சொன்னேன். "கெட்ட சாமானை வூட்டுல வெக்காத. தூக்கிப் போடு" என்றார்.

"டயர் மாத்தறதுக்குத் தாங்கும்ங்க. பத்து நிமிஷ வேலைதான."

"வாங்கிட்டுப் போறவங்களுக்கு அது தெரியுமா?"

"சொல்லித்தான் கொடுப்பேன்."

'இதை நம்பிக் கீழே போகாதீர்கள்' என்று வெள்ளைப் பெயிண்டில் அதன்மேல் எழுதிவிடலாம் என்று யோசித்தேன். கெட்டது என்று எழுதியே இரவல் கொடுக்கிறாளாம் என்று ஊர் பேசும். பிறகு எழுதலாம் என்று விட்டேன்.

ஐந்தாறு மாதம் ஒன்றும் ஆகவில்லை. அந்த ஜாக்கி போனது, வந்தது. நீலப் பெட்டி ஸ்பேனர்கள் போயின, சிலது வரவில்லை. எனக்குக் கவலையில்லை. அப்படி நிம்மதியாக இருந்த நாட்கள் என் வாழ்க்கையில் குறைவு.

அது ஒரு வெள்ளிக்கிழமை. முந்தின இரண்டு நாளும் நல்ல மழை. வீடு கழுவி, விளக்கேற்றி முடித்திருந்தேன். அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். மகளுக்கு மூக்கு ஒழுகியது. நெற்றி லேசாகச் சுடுவதுபோல் இருந்ததால் தெர்மாமீட்டர் வைத்தேன். தொண்ணூற்றொன்பது. மறுபடி வைத்தேன். அதே தொண்ணூற்றொன்பது.

வாசலில் அண்ணன் குரல் கேட்டது. "தங்கச்சி, ஜாக்கி இருந்தாக் குடும்மா. முன் சக்கரம் பஞ்சரு. ஸ்டெப்னியும் போன வாரமே போயிடுச்சு. கழட்டி அனுப்பி ஒட்டிட்டு வரணும்."

"உங்க ஜாக்கி எங்கண்ணா?"

"அதை மண்டியில ஒருத்தன் கேட்டான், குடுத்தேன். அவன் எந்த ஊருல தூக்கிட்டு நிக்கறானோ" என்று சிரித்தார். "உள்ள இருக்குதே, தருமபுரியில வாங்குனது, அதைக் குடும்மா. நம்ம வண்டி லோடு வண்டி பாரு."

சக்கரம் பஞ்சர் கடைக்குப் போய் வரும்வரை வண்டி ஜாக்கியிலேயே நிற்கப்போகிறது என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனக்கு அந்தச் சாக்பீஸ் கோடு நினைவுக்கு வந்தது. தொண்ணூற்றொன்பதும் நினைவுக்கு வந்தது. எங்கள் காரின் நான்கு சக்கரங்களிலும் அன்று காற்று சரியாக இருந்தது, காலையில்தான் பார்த்திருந்தேன். உள்ளே இருந்த நல்ல ஜாக்கி எனக்கு அன்று தேவைப்பட்டிருக்காது. இருந்தாலும் நான் சொன்னேன்:

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைங்கண்ணா. வூட்டுக்குள்ள இருந்து இரும்பு எடுத்துக் குடுத்தா அத்தை கத்துவாங்க. வெளிய கொட்டாயில ஒண்ணு இருக்குது."

எங்கள் பக்கம் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். செவ்வாய், வெள்ளியில் வீட்டுக்குள்ளிருந்து உப்பும் இரும்பும் வெளியே போகக் கூடாது. கொட்டகை வீட்டோடு சேர்த்தி இல்லை. அண்ணன் முகத்தில் ஒரு சின்ன வருத்தம்கூட இல்லை. "அட ஆமா, கிழமையை மறந்துட்டேன் பாரு. நானே தப்பு" என்றார். என் பொய்யை அவர் தன் தவறாக எடுத்துக்கொண்டார்.

கொட்டகையிலிருந்து ஜாக்கியை எடுத்து வந்தேன். இரும்பைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கொடுத்தால் இரண்டு பேருக்கும் மனஸ்தாபம் வரும் என்பார்கள். அதனால் தரையில் வைத்தேன். அவர் குனிந்து எடுத்துக்கொண்டார். அந்த நேரத்தில் நான் சொன்னேனா? "அண்ணா, இது மெதுவா இறங்கும், பக்கத்துல கை வெக்காதீங்க" என்று? சொன்ன மாதிரி இருக்கிறது. வாக்கியம் அப்படியே ஞாபகம் இருக்கிறது. அதற்கு அவர் என்ன பதில் சொன்னார் என்பது மட்டும் எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை. சொன்னதற்கு ஒரு பதில் இருந்திருக்க வேண்டுமே. உள்ளே மகள் கூப்பிட்டாள், நான் திரும்பினேன். அது நிச்சயமாக நினைவிருக்கிறது.

சக்கரத்தைக் கழற்றி, அந்த வழியாகப் பைக்கில் போனவரிடம் பஞ்சர் கடைக்குக் கொடுத்துவிட்டிருக்கிறார். மற்ற நாளாக இருந்தால், ஜாக்கி நழுவினாலும் தாங்கட்டும் என்று ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில் தள்ளி வைப்பார், அதுதான் ஓட்டுநர்களின் வழக்கம். அன்று ஸ்டெப்னியும் ஒட்டுவதற்குச் சேர்ந்தே போய்விட்டது. சும்மா நிற்கிற நேரத்தில் பிரேக்கைப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறார். ஒரு நட்டு உருண்டு அடியில் போயிருக்கிறது. அதை எடுக்க வலது கையை நீட்டியிருக்கிறார்.

எனக்குக் கேட்டது அவர் மனைவியின் குரல்தான். அவர் கத்தவில்லை. நான் ஓடியபோது வண்டி முன்பக்கமாகச் சாய்ந்து, சக்கரம் இருக்க வேண்டிய இடம் மண்ணில் பதிந்து கிடந்தது. அதற்கு அடியில் அவர் கை. ஜாக்கி முழுக்க இறங்கி, பக்கத்தில் குட்டையாக நின்றது. நான் வீட்டுக்குத் திரும்ப ஓடி, போர்வையை உதறி, நல்ல ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வெள்ளிக்கிழமை. வீட்டுக்குள்ளிருந்து. அதை வைத்துத்தான் வண்டியைத் தூக்கிக் கையை எடுத்தோம். என்ன அருமையாகத் தூக்கியது.

என் காரில்தான் கொண்டுபோனேன். மகளை முன் சீட்டில் உட்கார வைத்தேன், பின்னால் அவரும் அவர் மனைவியும். என் துண்டில் கையைச் சுற்றியிருந்தார். அந்த அக்கா அழுதுகொண்டே வந்தார். அண்ணன், "அழாத. பாப்பா பயந்துக்கும்" என்றார். பிறகு என்னிடம், "மெதுவா ஓட்டும்மா. கை எங்கயும் போயிடாது, துண்டுல கட்டித்தான் இருக்குது" என்றார். பாலக்கோட்டைத் தாண்டும்போது, "உன் சாமான் மேல தப்பு இல்லம்மா. மழை பேஞ்ச மண்ணு, அமுங்கிடுச்சு. நான்தான் ஜாக்கிக்கு அடியில பலகை வெக்காம விட்டேன்" என்றார்.

நான் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். எதிரே பஸ் வந்தது, ஹாரன் அடித்தேன். சொல்லவில்லை.

தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியில் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் காப்பாற்ற முடியவில்லை. மோதிர விரல் இருக்கிறது, மடங்காது.

என் வீட்டுக்காரர் போனில் இரண்டே கேள்விதான் கேட்டார். "எதைக் குடுத்த?"

"கொட்டாயில இருந்ததை."

பிறகு, "சொல்லிக் குடுத்தியா?"

"சொன்னேன்" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் இதைப் பற்றிப் பேசியதில்லை. லீவில் வந்தால் நல்ல ஜாக்கியைப் போர்வையிலிருந்து எடுப்பார், ஸ்டாண்டை வைப்பார், வேலை முடிந்ததும் துடைத்துத் திரும்பச் சுற்றி வைப்பார். அப்போதெல்லாம் தருமபுரிக் கடைக்காரர் கேட்ட கேள்வி எனக்குக் கேட்கும். என் வீட்டுக்காரர் படுப்பதென்றால் ஒரு ஜாக்கி, இன்னொருத்தியின் வீட்டுக்காரர் என்றால் வேறு ஜாக்கி.

அண்ணன் வண்டியை விற்றுவிட்டார். ஸ்டீயரிங் பிடிக்க வேண்டிய கை. இப்போது மண்டியில் கிரேடு எண்ணுகிற வேலைக்குப் போகிறார். அவர் மனைவி ஓசூர்ப் பக்கம் பூப் பண்ணைக்கு, விடியும் முன்பு வருகிற கம்பெனி வேனில் ஏறிப் போகிறார். நான் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டு வருவேன். அந்த அக்கா ஒவ்வொரு முறையும், "நீ அன்னைக்குக் கார் எடுக்கலன்னா கையே போயிருக்கும்" என்பார். நான் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு திரும்பி வருவேன். குழம்பு கொடுப்பதை நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்திருக்கிறேன். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்களே.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு யாரும் இரவல் கேட்டு வருவதில்லை. ஒரு ஸ்க்ரூ டிரைவருக்குக்கூட. அந்த வீட்டுச் சாமான் ராசியில்லாதது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். அத்தை வருத்தப்பட்டுச் சொன்னார். என் ஜாக்கி வெளியே போகக் கூடாது என்றுதானே நான் ஆசைப்பட்டேன். இப்போது போவதேயில்லை.

போன மாதம், ஒரு புதன்கிழமை, அண்ணன் வந்தார். இடது கையில் அந்தச் சந்தை ஜாக்கி. அது இத்தனை நாளும் அவர்கள் வீட்டிலேயே இருந்தது, நான் கேட்கவில்லை. மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்.

"மன்னிச்சுக்கம்மா, உன் சாமான் ரொம்ப நாள் எங்கிட்டயே இருந்துடுச்சு" என்றார். "பிரிச்சுப் பாத்தேன். உள்ள வாஷர் போயிருந்துச்சு. லோடு வண்டிக்குப் போட்டு நான்தான் கெடுத்துட்டேன் போல. இரவல் வாங்குனதை இப்படியா திருப்பிக் குடுக்கறது? மாத்திட்டேன். ஒரு ரப்பர் வாஷர், கொஞ்சம் எண்ணெய். இந்தக் கையை வெச்சுப் பிரிக்கத்தான் நாலு நாள் ஆச்சு. இனிமே இறங்காது."

"அண்ணா" என்றேன்.

"சொல்லும்மா."

மகள் ஓடி வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். "மாமா, விரல் முளைச்சிடுச்சா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல பாப்பா. தண்ணி ஊத்திட்டுத்தான் இருக்கறேன்" என்றார் அவர்.

"டீ போடட்டுங்களா?" என்று கேட்டேன். நான் சொன்னது அவ்வளவுதான்.

"வேண்டாம்மா, மண்டிக்கு நேரமாச்சு" என்றவர், குனிந்து ஜாக்கியைத் தரையில் வைத்தார். என் கையில் கொடுக்கவில்லை. எனக்கும் அவருக்கும் மனஸ்தாபம் வந்துவிடக் கூடாதே.

அவர் போன பிறகு மகளுக்குப் பொம்மையைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, காரின் முன் பக்கத்தை அந்த ஜாக்கியால் தூக்கினேன். தண்டில் சாக்பீஸால் கோடு போட்டேன். போனில் மணி வைத்துக்கொண்டு எதிரே தரையில் உட்கார்ந்தேன். அரை மணி ஆனது. ஒரு மணி ஆனது. இறங்கிவிடு என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தேன். கொஞ்சமாவது இறங்கினால், இது எப்படியும் தேறாத சாமான், யார் என்ன செய்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொள்ளலாம். மகள் பசி என்று வந்து தோளைப் பிடித்து இழுக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு போட்ட இடத்திலேயே இருந்தது.